கொட்டாஞ்சேனை கிடைக்கவில்லை

‘கொட்டாஞ்சேனை கிடைக்கவில்லை’ என்று கம்பியூட்டர் ஏழாவது தடவையாகச் சொன்னபோது, சுடலைமுத்துவுக்குத் தன் வலது கையை வெட்டிப் போட்டால் என்ன என்று தோன்றியது. சும்மா கிடந்த நம்பரை அந்தக் கைதான் தொட்டது. மறுமுனையின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் ஐந்து விநாடி என்று இருந்ததை அறுபதாக்கி, சரிதானா என்று சோதிக்கும் பொத்தானையும் அழுத்தியிருந்தான். கோர்ஸ் படித்தவன் படித்ததை எங்கேயாவது காட்ட வேண்டாமா?

வேலைக்குச் சேர்ந்து அன்று மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை.

மர்ஸூக் ஹாஜியார் கல்யாணம் முதல் சாவு வீட்டுக் கத்தம் வரைக்கும் கதிரை, பந்தல், சமையல் சட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். ஓடர் எடுக்கும் ஒஃபீஸ் வெள்ளவத்தையில், சாமான் நிற்கும் ஸ்டோர் கொட்டாஞ்சேனையில். வெள்ளவத்தையில் தட்டும் ஓடர்களைக் கம்பியூட்டர் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பும். வழி அடைபட்டிருந்தால் தொலைக்காது. பத்திரமாக வைத்திருந்து, வழி திறந்ததும் வந்த ஒழுங்கிலேயே அனுப்பும். அங்கே அது தாளில் அச்சாகும். தாளைப் பார்த்து ஸ்டோர் பொறுப்பாளர் ஒஸ்வால்ட் லொறியில் ஏற்றுவார்.

இதையெல்லாம் அமைத்தவர் பெரியதம்பி. எட்டு மாதம் இந்தக் கதிரையில் இருந்துவிட்டுப் போன கிழமைதான் கனடா போனார். போனதிலிருந்து அவருக்கு ஒஃபீஸில் ஒரு தெய்வத்தின் மரியாதை. “பெரியதம்பி இருக்கக்கொள்ள ஒரு கதிரை பிசகினதில்ல” என்று ஹாஜியார் புதன்கிழமை மட்டும் நாலு தரம் சொன்னார்.

சுடலைமுத்து ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருந்தான். யுத்தக் காலம்; வெளியூர்த் தமிழருக்கு ஞாயிற்றுக்கிழமை பொலிஸ் பதிவு. கொழும்பில் உனக்கென்ன வேலை என்று கேட்பார்கள். வேலைக் கடிதத்தை நீட்டினால் சரி. நீட்டக் கடிதம் இல்லாதவனுக்கு ஹட்டன் பஸ், அதிர்ஷ்டம் குறைந்தால் பொலிஸ் ஜீப். “சனிக்கிழமை கடிதம் தாறன், ரெண்டு நாள் வேலையப் பார்ப்பம்” என்று ஹாஜியார் சொல்லியிருந்தார். ரெண்டு நாளும் வேலை நன்றாகத்தான் போனது. இன்றைக்குத்தான் இந்தக் கை.

அறுபதை மறுபடி ஐந்தாக்கினான். கொட்டாஞ்சேனை கிடைக்கவில்லை. போனை எடுத்தான். ஒஃபீஸுக்கு இருந்தது அந்த ஒரு போன்தான்.

“ஒஸ்வால்ட் அண்ணே, இன்னைக்கு ஓடர் வந்திருச்சுங்களா?”

“இல்ல ஐசே. வேற நாள்ல பத்தரைக்கெல்லாம் தாள் மேசைக்கு வந்திரும். இண்டைக்கு ஒண்டையும் காணல்ல. என்ன செஞ்சீர்?”

“ஒண்ணும் செய்யலைங்க. லைன்லயே இருங்க, வைக்காதீங்க!”

பக்கத்தில் ஓடர் கொப்பியோடு வந்து நின்றாள், வரவேற்பு மேசையில் வேலைபார்க்கும் றமீலா. “சேர், எனக்குக் கொஞ்சம் போன் வேணும்.”

“மிஸ், இங்க உசுரு போகுது. அப்புறம்!”

அவள் போய் உட்கார்ந்தாள்.

ஒருதரம் கூப்பிட்டுக் கிடைக்காவிட்டால் பலதரம் கூப்பிட வேண்டியதுதான் என்று நினைத்தான். மூன்று முறை முயல்க என்றிருந்ததை ‘கிடைக்கும்வரை முயல்க’ என்று மாற்றினான். கம்பியூட்டர் சொன்ன சொல் தவறாமல் முயன்றது. முயற்சியில் மூழ்கிப்போய் மௌஸையும் மறந்தது, கீபோர்டையும் மறந்தது. புது ஓடர் ஒன்றும் தட்ட முடியவில்லை. மெயின் சுவிட்சை நிறுத்தித்தான் அதை முயற்சியிலிருந்து மீட்டான்.

அந்த நேரம் பார்த்து ஹாஜியார் படியேறி வந்தார்.

“எனத்த தம்பி, ஓடரெல்லாம் போயிட்டா? நாளைக்கு எங்கட தங்கச்சிர மகள்ட கலியாணம். முந்நூறு கதிர. காலையிலேயே தட்டச் சென்னேனே.”

“தட்டிட்டேங்க முதலாளி. வரிசையில நிக்குது.”

“எனத்துக்கு நிக்கி? பெரியதம்பி இருக்கக்கொள்ள நிக்கல்லையே?”

போனிலிருந்து ஒஸ்வால்டின் குரல் கரகரத்தது. “ஐசே, ஒரு கதை. நீர் வாயால வாசியும், நான் எழுதிக்கொள்றன்.”

சுடலைமுத்துவுக்கு உயிர் வந்தது. ஆனால் போன் சத்தம் ஹாஜியாருக்கும் கேட்டுவிட்டது.

“வாயால வாசிக்கவா? வாயால வாசிக்கவா நான் சிஸ்டம் வாங்கின? ஊரெல்லாம் சென்னேனே, எங்கட கடையில மனிசன் கதைக்கிறல்ல, கம்பியூட்டர்தான் கதைக்கி எண்டு! ஒரு ஓடரும் வாயால போகப்படாது. நான் ஜும்ஆவுக்குப் போய்ட்டு வாறன். வரக்கொள்ள இது சரியா ஈக்கோணும்.”

றமீலா எழுந்தாள். “ஹாஜியார், நான் வந்து, போன்ல...”

“புள்ள, ஒங்கட கோலெல்லாம் பொறகு. மெசின் விசயம் நடக்கி.”

அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

அடுத்ததாக, இணைப்புப் பெயரைப் பார்த்தான். ‘பெரியதம்பி’ என்று இருந்தது. கனடா போன மனிதரின் பெயரில் கூப்பிட்டால் கொட்டாஞ்சேனை எப்படிக் கதவைத் திறக்கும்? தன் பெயரைப் போட்டான். அதுவரைக்கும் கேட்காத ஒன்றை உடனே கேட்டது: கடவுச்சொல். பழைய பெயரைத் திரும்பப் போட்டான். அதற்கும் கடவுச்சொல் கேட்டது. முன்பு கிடைக்காமல் இருந்தது கொட்டாஞ்சேனை மட்டும்தான். இப்போது உள்ளே போகவே வழியில்லை.

பெரியதம்பியின் மனைவி பெயர், பிள்ளை பெயர், பிறந்த ஊர் என்று ஒஸ்வால்டிடம் கேட்டுக் கேட்டு ஒரு மணி நேரம் தட்டினான். கடைசியில் மனம் வெறுத்துப்போய் ‘டொராண்டோ’ என்று தட்டினான். திறந்தது. மனிசன் முதல் நாளே சூட்கேசைக் கட்டிவிட்டுத்தான் வேலைக்கு வந்திருக்கிறார்.

போனின் மறுபுறத்தில் ஸ்டோரில் வேலைபார்க்கும் ஒரு பெண்ணின் குரல் ஏதோ சொல்ல, ஒஸ்வால்ட் அதட்டுவது கேட்டது. “பைறோஸா, பொறும் பிள்ள, போன் தர ஏலாது. கம்பியூட்டர் விசயம் கதைக்கிறம்.”

மணி மூன்றரை. ஹாஜியார் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. சுடலைமுத்துவின் கண்ணுக்குள் லொட்ஜ் வாசலும் ஜீப்பும் வந்து வந்து போயின. மாற்றாமல் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, கொட்டாஞ்சேனை மெசினின் முகவரி.

“அண்ணே, அந்த மெசின் முதுகுல ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். பாத்துச் சொல்லுங்க.”

ஒஸ்வால்ட் மேசைக்கடியில் ஊர்ந்து போய், தும்மி, வாசித்தார். கடைசி இலக்கம் பதினேழு. இங்கே எழுபத்தொன்று என்று இருந்தது. காலையிலிருந்து தட்டிய தட்டில் நானே தெரியாமல் அதையும் குழப்பியிருப்பேன் என்று சுடலைமுத்து நினைத்தான். பதினேழாக்கினான்.

‘கொட்டாஞ்சேனை கிடைத்தது.’

“ஐசே, வருது!” என்று போன் அலறியது. “பிரிண்டர் ஓடுது! வருது, வருது, நிக்காம வருது!”

ஹாஜியார் சுடலைமுத்துவின் முதுகில் தட்டினார். “நாளைக்கி கடிதம், தம்பி. கையெழுத்தும் சீலும் வச்சித் தாறன்.”

அன்று சுடலைமுத்து லொட்ஜுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒஃபீஸ் போன் அடிக்கத் தொடங்கியது, பிறகு நிற்கவே இல்லை.

முதலில் பாமன்கடை. எட்டு மாதத்துக்கு முன் கல்யாணம் நடந்த வீட்டில் நூற்றைம்பது கதிரையும் மணவறையும் இறங்கியிருந்தன. பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. இந்த மணவறை யாருக்கு என்று மாமியார் மருமகனை அறைக்குள் விட்டுப் பூட்டி விசாரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது புதுக்கடைச் சட்டத்தரணி. சென்ற வருடமே அறுபதைக் கொண்டாடி முடித்தவருக்கு மறுபடி அறுபதாம் பிறந்தநாள் பந்தல் எழும்பியிருந்தது. வழக்குப் போடப் போவதாகச் சொன்னார். முகத்துவாரத்தில் ஒரு சாவு வீட்டில், எப்போதோ முடிந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு மறுபடி கதிரை போனது. அக்கம்பக்கத்தார் வெள்ளை உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்து, இப்போது யார் போனது என்று மெதுவாகக் கேட்டார்களாம். இன்னொரு லொறியைச் செக்பொயின்டில் மறித்த ஆமிக்காரன், இத்தனை கதிரையில் யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டு, எல்லாவற்றையும் இறக்கி எண்ணச் சொல்லியிருந்தான்.

“ஒஸ்வால்ட் அண்ணே, என்னங்க இது?”

“எனக்கென்ன தெரியும்? அறுநூற்றிச் சொச்சம் தாள் வந்திச்சு. எல்லாத்திலயும் ‘நாளைக் காலை’ எண்டு அடிச்சிருக்கு. கம்பியூட்டர் சொன்னா கேள்வி கேக்காம ஏத்து எண்டு ஹாஜியார்ட ஓடர். மேல இருந்து ஒழுங்காத்தான் ஏத்தினன். முப்பதாவது தாளோட கதிரை முடிஞ்சுது.”

ஹாஜியாரின் தங்கச்சி மகள் கலியாணத் தாள் வரிசையில் கடைசி.

ஹாஜியார் படியேறி வந்த சத்தத்திலேயே எல்லாம் தெரிந்தது. கலியாணத்துக்கு வந்த முந்நூறு பேரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குப் பக்கத்துச் சலூன் கதிரை. ஹாஜியாரின் கையில் கடிதம் இருந்தது. சீலும் குத்தியிருந்தது. சுடலைமுத்துவின் முன்னாலேயே அதை நாலாகக் கிழித்தார்.

“ஒரு நாளில எண்ட மானத்த வாங்கிட்டீங்க! பெரியதம்பி எட்டு மாசம் இருந்தாரு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் இப்பிடி நடந்திச்சா? றமீலா, நீங்க செல்லுங்க, நடந்திச்சா?”

சுடலைமுத்து கிழிந்த துண்டுகளைக் குனிந்து பொறுக்கினான்.

றமீலா ஓடர் கொப்பியை மூடினாள்.

“எப்பிடி ஹாஜியார் நடக்கும்? இது கனெக்ட் ஆகும் வரைக்கும் போன்ல வாசிங்க எண்டு பெரியதம்பி சேர் சென்னாரு, எட்டு மாசமா ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கி நான்தானே கொட்டாஞ்சேனை பைறோஸாக்கு வாசிச்சு, அவ டைப்ரைட்டர்ல தட்டி ஒஸ்வால்ட் அண்ணன்ட மேசையில வச்ச. அத மொதல் தரம் கனெக்ட் ஆக்கினதே இந்த சேர்தான்!”