செக்கிங் சார் ஊதிக் காட்டினார்

திண்டுக்கல் ஜில்லாவில் செக்கிங் சாரிடம் டிக்கெட்டைக் காட்டாமல் தப்பித்தவர் பழநி முருகன் ஒருவர்தான். அவரும் மயிலில் போவதால் தப்பித்தார்.

சார் ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிட்டயரானவர். நாகல்நகரில் எங்களுக்கு எதிர்வீடு. ஒரே தீக்குச்சியில் சிகரெட் பற்றவைத்துக்கொள்ளும் சிநேகம் எங்களுக்கு. உலகத்தில் எல்லாருமே டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் என்பது அவருடைய கட்சி. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரைப் பார்த்து, "நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடா? பத்திரிகை இருக்கா?" என்று கேட்டார். அந்த மனுஷன் ரசத்துக்கு முன்னாலேயே எழுந்துபோய்விட்டார்.

அப்படிப்பட்டவருக்கு நெஞ்சில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும் என்றார்கள். அக்காவோடு நானும் கூடப் போனேன். அக்கா என்றால் சாரின் மனைவி. டாக்டர் இளவயசுக்காரர்.

"சிகரெட், குடி ரெண்டையும் விடணும். இல்லன்னா ஆபரேஷனுக்கு அப்புறம் சளி கட்டும், புண்ணு ஆறாது. விட்டாத்தான் தேதி தருவேன். எவ்வளவு குடிப்பீங்க? உண்மையச் சொன்னாத்தான் நடுக்கம் வராம மருந்து தர முடியும்."

"விசேஷத்துக்கு மட்டுந்தான்."

"தெனமும் விசேஷந்தான் டாக்டர்" என்றார் அக்கா.

வெளியே வந்ததும் சார் என் காதைக் கடித்தார். "அப்பு, இதுல உங்கக்கா கை இருக்கு. கல்யாணமானதுலேருந்து அவ சொல்றத அப்படியே ஒப்பிக்கிறான் பாரு."

சந்தேகத்தை உயிர்ப்பயம் ஜெயித்தது. டாக்டர் தந்த மாத்திரையோடு இரண்டையும் விட்டார். ஆனால் சாரின் சந்தேகப் பட்டியலில் சாரும் உண்டு. "என்னைய நம்பாத. நான் யோக்கியன் கெடையாது. நீ செக்கிங் வா. சொல்லிட்டு வராத" என்றார்.

தெருவே இதற்காகத்தானே காத்திருந்தது? பால்காரர்கூட வண்டியை நிறுத்தி, "சார், ஊதுங்க" என்றார். சாரும் பணிவாக ஊதினார். எப்போதும் கிராம்பு வாசனை. எதை மறைக்கக் கிராம்பு? பல்வலி என்றார். காட்டச் சொன்னோம். வலிப்பதாகச் சொன்ன பக்கம் முழுக்கக் கட்டின பல்!

போதாததற்கு அக்கா கண்கலங்க வந்தார். "சோறு தின்ன கையோட கெளம்பிர்றாருப்பா. காத்து வாங்கப் போறாராம். இந்த வெயில்ல என்ன காத்து? கடைக்குத்தான் போறாரு. ஆபரேசன் நின்னுபோச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

மறுநாள் பின்தொடர்ந்தேன். சாணார்பட்டி பஸ்ஸில் அவர் முன்வாசலில் ஏறினார், நான் பின்வாசலில். பஸ் கிளம்பியதும் பழைய குரல் கேட்டது. "டிக்கெட்... டிக்கெட்..." ஜனங்களும் பயபக்தியோடு எடுத்துக் காட்டினார்கள். கண்டக்டர் சிரித்தார். "தெனம் வாராரு. கைக்கு வேல இருந்தா சிகரெட் நெனப்பு வரலையாம். போகட்டும்னு விட்டுட்டேன்."

நான் துப்பறியும் அவசரத்தில் டிக்கெட் எடுக்கவில்லை. சரியாக என்னிடம் வந்து நின்றார்.

"ஏலே, நீயா? வெக்கமா இல்ல?"

அவர் என்னைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்போதே பஸ் நின்றது. நிஜ செக்கிங் ஏறினார், புது ஆள். "பெரியவரே, உங்க டிக்கெட்?" சார் பையைத் தடவினார். சர்வீஸ் முழுக்கப் பாஸில் போனவருக்கு டிக்கெட் எடுக்கும் பழக்கமே கிடையாது!

இருவரையும் அபராதம் வாங்கிக்கொண்டு நடுரோட்டில் இறக்கிவிட்டார். சாருக்கு ஏக சந்தோஷம். "பய சுத்தமா வேல பாக்குறான்யா!"

"அது இருக்கட்டும். ஊதுங்க" என்றேன்.

ஊதினார். கிராம்பைத் தவிர ஒன்றுமில்லை. "அது வாய்க்கு வேல, அப்பு. டிக்கெட் கைக்கு வேல" என்றார்.

டாக்டர் தேதி கொடுத்தார். ஆபரேஷன் முடியும்வரை ஆஸ்பத்திரி வாசலில் நான் சிகரெட்டாக ஊதித் தள்ளினேன். அவரைப் பார்க்க விட்ட அன்று, விரலை அசைத்து அருகே கூப்பிட்டார். ஏதோ சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"ஊது."

ஊதினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீயும் விட்ரு அப்பு. நான் படுத்தா நீ வார. நீ படுத்தா நான்ல வாசல்ல நிக்கணும்? இந்த நெஞ்சு அதத் தாங்காது."

இப்போது சாயங்காலமானால் எதிர்வீட்டிலிருந்து செக்கிங் வருகிறது. வாயில் கிராம்போடு தயாராக நிற்கிறேன். அவர் வரக் கொஞ்சம் தாமதமானாலும் எனக்குத்தான் நெஞ்சை அடைக்கிறது.