தராசக்காவும் ஆடக்கூடாத கரவனும்

சுவிற்சர்லாந்தில் வாழும் எங்கள் சனத்தில் பாதிப் பேரை நிறுத்துப் பார்த்த ஒரே ஆள் தராசக்காதான். மற்றப் பாதி தப்பியதற்குக் காரணம், அவர்கள் வில் நகரத்துப் பக்கம் வராததுதான்.

அக்காவுக்கு வேறு பெயர் இருந்தது. அது அவருடைய தபால் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். ஊர் மன்னார், வேலை ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில். கைப்பையை மறந்துவிட்டு வெளிக்கிடுவார், குளியலறைத் தராசை ஒருநாளும் மறந்ததில்லை. காரின் பின் இருக்கையில் அதற்குத் தனி இடம் உண்டு, பெல்ட்டும் போட்டிருப்பார்.

சந்தித்தால் சுகம் விசாரிக்க மாட்டார், நிறைதான் கேட்பார். ஒரு கலியாண வீட்டு வாசலில் என்னை மறித்து மேலும் கீழும் பார்த்தார்.

"போன சித்திரைக்கு நீர் எழுபத்தெட்டு. இப்ப எண்பத்திரண்டு."

"எப்பிடி அக்கா தெரியும்?"

"சப்பாத்தைப் பாத்தால் தெரியும். ஆனா பரவாயில்லை தம்பி, பாரம் முன்னுக்குத்தானே இருக்குது. நீர் ஆட மாட்டீர்."

எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் பொதுவான சலவை அறை ஒன்று கீழே இருந்தது. அக்காவும் அதே கட்டடம்தான். மெஷினுக்கு ஏழு கிலோதான் கணக்கு என்று, துவைக்க வரும் எல்லோருடைய கூடையையும் நிறுத்தார். மூன்றாம் மாடியில் இருந்த சுவிஸ் அம்மா கோபப்பட்டு வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதினார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், அந்த அம்மாவே கூடையோடு அக்காவின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். மெஷின் பழுதாகாமல் ஓடத் தொடங்கியிருந்தது.

இந்தத் தராசுப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் அவருடைய கரவன். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகும் சின்ன வீடு. எங்கள் ஆட்களில் ஆண்களே அதை இழுக்கப் பயந்த காலத்தில், அக்கா தனி ஆளாக அதை இழுத்துக்கொண்டு இத்தாலி வரை போய் வந்தார். முன் கண்ணாடிக்குக் கீழே மாதா படம். மாதாவும் முன்னுக்கு, பாரமும் முன்னுக்கு என்பது அவருடைய கொள்கை.

அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. நானும் என் மனைவி செல்வியும் அப்போது வேறு வேறு நேர வேலை. நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடிக்க ஒரு இடம் வேண்டும் என்றுதான் பழைய கரவன் ஒன்றை வாங்கினேன்.

முதல் பயணமே கடைசிப் பயணமாகப் பார்த்தது. வின்ரர்தூர் போகும் நெடுஞ்சாலையில் ஒரு இறக்கம். பின்னால் கரவன் மெல்ல இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. நான் வீரன் அல்லவா, அது இடம் போனால் ஸ்டியரிங்கை வலம் வெட்டினேன், வலம் போனால் இடம் வெட்டினேன். அது இன்னும் கூடுதலாக ஆடியது, காரையும் சேர்த்து ஆட்டியது. எப்படி நின்றது என்று இன்றைக்கும் தெரியாது. செல்வி இறங்கி, அடுத்த ஊர் வரை நடந்து, ரயிலில் வீட்டுக்குப் போனாள்.

"இன்னும் ஒரே ஒருக்கா வருவன்," என்றாள் ஒரு கிழமை கழித்து. "அதிலையும் ஆடினால், அடுத்த நாளே இதை வித்துப்போட வேணும். பிறகு கரவன் எண்ட கதையே வீட்டில இருக்கக் கூடாது."

நான் நேரே தராசக்காவிடம் போனேன்.

அவர் வந்து கரவனின் கதவைத் திறந்தார். தண்ணிப் போத்தல் பெட்டிகள், கூடாரம், அடுப்பு, எல்லாம் வாலில் இருந்தன. பின்னால் இரண்டு சைக்கிள் வேறு. அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"தம்பி, நீர் உயிரோட இருக்கிறது மாதாவின்ர புதுமை."

"ஆட்டம் தடுக்கிற விசேஷக் கொக்கி பூட்டியிருக்கிறன் அக்கா."

"அது குடை மாதிரி. நனையாமல் காப்பாத்தும், மழையை நிப்பாட்டாது. வாலில பாரம் இருந்தால் வால் ஆடும். பாரமெல்லாம் நடுவில, சில்லுக்கு மேல, நிலத்தோட வையும். மூக்கில அளவாப் பாரம் இருக்க வேணும்."

மூக்கு என்றால் கரவன் காரில் கொழுவும் முனை. கரவனைச் சமமாக நிறுத்தி, கூட்டும் தும்புத்தடியில் ஒரு துண்டு வெட்டி மூக்குக்கு முண்டு கொடுத்து, அதன் கீழே தன் தராசை வைத்தார். முதல் நாள் முப்பது காட்டியது. சாமான்களை அங்கும் இங்கும் மாற்றிமாற்றி மூன்று சனிக்கிழமை நிறுத்தோம். கடைசியில் எழுபது வந்தது. என் கார் தாங்கும் அளவு எழுபத்தைந்து. பக்கத்து வீட்டார் எல்லாம் பல்கனியில் நின்று பார்த்தார்கள். சைக்கிள்கள் வீட்டோடு நின்றுவிட்டன.

டயரின் காற்றையும் அளந்து பார்த்த பிறகு ஒரு பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டினார். பட்டியலில் இல்லாத ஒரு கரண்டி கூட ஏறக் கூடாது. அடுத்த பயணம் தெற்கே தெசின் மாநிலத்து ஏரிக்கரைக்கு.

"தெசினில எங்கட ஆக்களின்ர வீட்டுக்கும் போறம் அக்கா," என்றாள் செல்வி. "வெறுங்கையோட போறதோ?"

"அங்க கடை இருக்குது தங்கச்சி. போய் வாங்கிக் குடும்."

செல்வி தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன். எங்கள் சனத்தின் தலையாட்டலை அக்கா நம்பியிருக்கக் கூடாது.

என்னுடைய குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தெசினில் இருந்த என் மச்சான் ஒரு மாவரைக்கும் கிரைண்டர் கேட்டிருந்தான். கல்லோடு சேர்த்துப் பதினான்கு கிலோ. மறுக்க முடியுமா? புறப்படும் நாள் விடிய, செல்வி குளிக்கும் நேரம் பார்த்து, கரவனின் பின் மூலையில் இருந்த ஷவர் அறைக்குள் அதை வைத்துத் துவாயால் மூடினேன்.

அக்காவும் அன்று எங்களோடு வந்தார், தன் கரவனோடு எங்களுக்குப் பின்னால். கிளம்பும்போது என் கார் ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

"எண்பதுக்கு மேல போகாதையும். ஆடினால் ஸ்டியரிங்கை நேராப் பிடியும், வெட்டாதையும். காலை எடும். வேகத்தைக் கூட்டி நிமித்தலாம் எண்டு நினையாதையும். விளங்குதோ?"

"ஓம் அக்கா."

லுசேர்ன் தாண்டி ஒரு நீளமான இறக்கம். ஒரு பெரிய பேருந்து எங்களை முந்திக்கொண்டு போனது. அது கடந்ததும் பின்னால் ஒரு இழுப்பு. கண்ணாடியில் பார்த்தேன். கரவன் இடம் போனது, வலம் போனது. செல்வி என் பக்கம் திரும்பவில்லை. அவளுடைய கை கதவுப் பிடியை இறுக்கியதை மட்டும் கண்டேன்.

கைகள் வெட்டத் துடித்தன. வெட்டவில்லை. காலை எடுத்தேன், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி இருந்தேன். கரவன் இன்னும் இரண்டு தரம் ஆடிவிட்டு, மெல்ல அடங்கி, நல்ல பிள்ளையாகப் பின்னால் வந்தது. எனக்கு மூச்சு வந்தது அடுத்த ஓய்விடத்தில்தான்.

நிறுத்தியதும் செல்வி முகம் கழுவப் போய்விட்டாள். அவ்வளவுதான், கரவன் போச்சு, தேத்தண்ணியும் போச்சு என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அக்கா தராசோடு வந்தார். மூக்கை நிறுத்தார். தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஷவருக்குள்ள என்ன?"

"கிரைண்டர் அக்கா. மச்சான் கேட்டவன். மனுசிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. அறிஞ்சால் வித்துப்போடுவாள்."

அக்கா ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "தூக்கிக்கொண்டு வந்து சில்லுக்கு மேல, கட்டிலுக்குக் கீழ வையும். பிறகு போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு, கால் மணித்தியாலம் கழிச்சு வாரும்," என்றார்.

நான் திரும்பி வந்தபோது செல்வி கரவன் வாசலில் நின்றாள். அக்கா கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா, ஏன் ஆடினது?" என்றேன், ஒன்றும் தெரியாதவன்போல.

"காத்து," என்றார் அக்கா. "சரியான காத்து. இதில ஆரும் ஒண்டும் செய்யேலாது. நீர் நல்லாப் பிடிச்சனீர் தம்பி."

செல்வி என்னைப் பார்த்தாள். "காத்தெண்டால் என்ன செய்யிறது," என்றாள். "வாங்கோ, போவம்."

என் காதை நான் நம்பவில்லை. இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாளே என்று ஆச்சரியம். தெசின் வரை கரவன் ஒரு இம்மியும் அசையவில்லை. அந்த ஏரிக்கரையில் பத்து நாள், காலையும் மாலையும், இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம். அதன் பிறகு ஒரு கோடையும் தவறவில்லை.

அக்கா இப்போது கரவனை விட்டுவிட்டு, சோலோதுர்னில் மகளோடு இருக்கிறார். போகும்போது தராசை எங்களிடம் தந்துவிட்டுப் போனார். போன மாதம் அதே ஏரிக்கரையில் அதே தேத்தண்ணி. செல்வி கோப்பையை வைத்துவிட்டுத் தானாகச் சிரித்தாள்.

"இனிச் சொல்லலாம்தானே. அந்த முதல் தெசின் பயணத்தில ஆடினது என்னாலதானப்பா. வெறுங்கையோட போக மனமில்லாமல், இருபது கிலோ அரிசி மூட்டையைக் கரவனின்ர பின் இருக்கைக்குக் கீழ ஒளிச்சு வைச்சனான். நீங்கள் கோப்பி குடிக்கப் போன நேரம் அக்கா கண்டுபிடிச்சிட்டா. இரண்டு பேருமாத்தான் முன்னுக்கு இழுத்தனாங்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு அழுதனான்."

நான் கிரைண்டர் கதையைச் சொன்னேன். பக்கத்துக் கூடாரத்துச் சனம் திரும்பிப் பார்க்கும் வரை சிரித்தோம். பிறகு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தோம்.

"அக்கா, அண்டைக்கு லுசேர்ன் தாண்டி உண்மையிலே காத்து அடிச்சதோ?"



"ஓம் தம்பி," என்றார். "சரியான காத்து."

அந்த ஓய்விடத்தில் ஒரு கொடிக்கம்பம் இருந்தது. கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்ததை நானும் செல்வியும் அன்றைக்கே பார்த்திருந்தோம். சலவைக் கூடையில் நூறு கிராம் கூடினாலும் விடாத மனுசி, எங்களுக்காக முப்பத்துநாலு கிலோவை மறைத்திருக்கிறார். இப்போதும் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் மூக்கை நிறுத்துவிட்டு, தராசை வீட்டில் விட்டுவிடாமல், காரின் பின் இருக்கையில் வைத்துப் பெல்ட் போட்டுவிடுகிறேன்.