சங்கிலி ஜெபம்

அங்கிக்குள் ஒரு கையை நுழைத்துவிட்டு இன்னொரு கைக்கு வழி தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் போதகர் வசமாகச் சிக்கினார். கதவைத் தட்டாமலே மருந்துக்கடைக்காரர் உள்ளே வந்துவிட்டார்.

“ஐயா, இன்னிக்குப் பிரசங்கத்துல அந்தக் கட்டடத்தைப் பத்தி நீங்க பேசியே ஆகணும்.”

“ஆராதனை ஆரம்பிக்கப் போகுதே...”

“அதனாலதான் இப்பவே சொல்றேன்.”

அந்தக் கட்டடம் என்பது ஆலயத்துக்கு எதிரே பூட்டிக் கிடந்த பழைய தபால் நிலையம். வீடு வாசல் இல்லாமல் தெருவில் படுக்கிறவர்களுக்கு அதை இரவுத் தங்குமிடமாக மாற்றலாமா, வேண்டாமா என்று நகராட்சியில் ஓட்டெடுப்பு வரப்போகிறது. ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. சபையோ பேசுவதை விட்டுவிட்டு முறைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது.

போதகர் பதில் சொல்வதற்குள் அறையின் இன்னொரு கதவும் திறந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை நின்றிருந்தார்.

“சம்பந்தி முந்திக்கிட்டாரா? நெனச்சேன்.”

அவருடைய மகளை மருந்துக்கடைக்காரரின் மகனுக்குத்தான் கொடுத்திருந்தது. அதனால் இருவரும் எவ்வளவு கோபத்திலும் மரியாதை குறையாமல்தான் திட்டிக்கொள்வார்கள்.

“பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு நடந்து போற தெரு ஐயா இது. யார் எவர்னு தெரியாதவங்களைக் கொண்டு வந்து படுக்க வச்சா நாளைக்கு யார் பொறுப்பு? நீங்க பிரசங்கத்துல சொன்னாத்தான் கவுன்சிலர் காதுல ஏறும்.”

“சம்பந்தியம்மா, அவங்க ஏற்கெனவே நம்ம சர்ச் படிக்கட்டுலதான் படுத்திருக்காங்க.”

“அதையும்தான் நான் வேண்டாம்னு சொல்றேன்.”

இருவரும் போதகரைப் பார்த்தார்கள். போதகர் அங்கியின் கையைப் பார்த்தார்.

அவருக்கென்று ஒரு கருத்து இல்லாமல் இல்லை. தங்குமிடம் வரவேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார். ஆனால் அதை மனைவியிடம் மட்டும், அதுவும் விளக்கை அணைத்த பிறகுதான் சொல்லியிருந்தார். இதற்கு முன் அவர் இருந்த சபை, மின்விசிறியை எந்தப் பக்கம் மாட்டுவது என்ற தகராறில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதிக்கு மின்விசிறி கிடைத்தது, மறு பாதிக்குப் போதகர் கிடைத்தார். அன்று வாடகை மண்டபத்தில் வடித்த வியர்வையை அவர் இன்னும் மறக்கவில்லை. இந்தச் சபையாவது ஒன்றாக இருக்க வேண்டும், அதற்காக எந்தக் கருத்தையும் மென்று விழுங்கத் தயார் என்று முடிவு கட்டியிருந்தார்.

ஆகவே அன்று பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பொறுமையில் யார் குற்றம் கண்டுபிடிக்க முடியும்?

வாசலில் மருந்துக்கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஏழைங்ககிட்ட பொறுமையா இருக்கணும்னு பட்டுன்னு உடைச்சீங்க பாருங்க!”

அடுத்து வந்த தலைமையாசிரியை மறுகையைப் பிடித்தார். “அவசரப்பட்டுக் கட்டடத்தைத் திறக்காதீங்க, பொறுமையா இருங்கன்னு நகராட்சிக்கு நல்லா குடுத்தீங்க ஐயா!”

அன்று சாயங்காலத்துக்குள் போதகர் தங்கள் பக்கம்தான் என்று இரண்டு தரப்பும் ஊர் முழுக்கப் பரப்பிவிட்டது.

போதகர் யோசித்தார். பிரசங்கத்தால்தானே வம்பு? அடுத்த வாரம் பிரசங்கத்தைச் சுருக்கிவிட்டு, சபையார் ஒவ்வொருவராக எழுந்து ஜெபிக்கலாம் என்று அறிவித்தார். கண்ணை மூடிக்கொண்டு யாரும் சண்டை போட முடியாது என்பது அவர் கணக்கு.

மருந்துக்கடைக்காரர் முதலில் எழுந்தார். “இரக்கமுள்ள தகப்பனே! குளிரிலே நடுங்குகிறவர்களைக் கண்டும் கதவைச் சாத்திக்கொள்ளுகிற கல்நெஞ்சங்களை உடைத்தருளும்!”

இடது பக்க பெஞ்சுகளிலிருந்து “ஆமென்” என்று ஒரு முழக்கம் எழுந்தது.

வலது பக்கத்தில் தலைமையாசிரியை தொண்டையைச் செருமினார். “பரம பிதாவே! எனக்கு முன்னாலே ஜெபித்த சகோதரனை மன்னியும். அவருடைய வீடு அந்தக் கட்டடத்திலிருந்து மூன்று தெரு தள்ளியிருக்கிறது என்பதை நீர் அறிவீர்.”

“ஆண்டவரே, இரண்டு தெருதான். அதையும் நீர் அறிவீர்.”

“சந்தையைச் சுற்றிப் போனால் மூன்று என்பதையும் நீர் அறிவீர்!”

“கட்டடம் உறுதியாக இருக்கிறதென்று பொறியாளர் எழுதியதை உம்முடைய பிள்ளைகளில் சிலர் வாசிக்கவில்லையே, கர்த்தாவே!”

“அதே பொறியாளர் கழிப்பறைக் குழாயைப் பற்றி எழுதியதை மறைக்கிற நாவுகளைக் கட்டும், கர்த்தாவே!”

போதகர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். சபையில் பாதிப் பேர் ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபம் செய்கிறவரை நடுவில் நிறுத்துவது அந்தச் சபையில் யாரும் கேள்விப்படாத காரியம். தலை குனிந்து கண்ணை மூடியிருக்கிறவரின் தோளைக் கூடத் தொடமாட்டார்கள். வேறு வழி தெரியாமல் அவர் உரத்த குரலில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஆரம்பித்தார். அதை ஆரம்பித்துவிட்டால் எல்லோரும் சேர்ந்து சொல்லியே தீரவேண்டும். அன்றைய யுத்தம் அப்படித்தான் ஓய்ந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி தட்டை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டாள். “ஏங்க, மனசுல இருக்கறதை ஒரு தடவை வெளிய சொல்லிட்டா என்ன?”

“சபை உடைஞ்சு போகும்.”

“இப்ப மட்டும் ஒட்டிக்கிட்டா இருக்கு?”

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே இரு தரப்பையும் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். ஓட்டெடுப்பு முடியும்வரை சங்கிலி ஜெபம். ஒருவர் போனால் அடுத்தவர் வரவேண்டும், இரவும் பகலும் அறாமல் ஓடவேண்டும். தங்குமிடம் வேண்டும் என்கிறவர்களுக்கு இடது பக்க பெஞ்சுகள், வேண்டாம் என்கிறவர்களுக்கு வலது பக்கம்.

“ஆனா ஒரே ஒரு நிபந்தனை. வாயைத் திறக்கக் கூடாது. எல்லாம் மனசுக்குள்ளதான்.”

இரண்டு நாளில் தூக்கம் கண்ணைக் கட்டும், தானாக அடங்கிவிடுவார்கள் என்று அவர் நம்பினார். ஆலயத்தைப் பூட்டும் பெரிய சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்.

மறுநாள் விடியற்காலையில் பெரிய கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். இருபுறமும் ஏழெட்டுப் பேர் தலையைக் குனிந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு ஜெபத்தில் ஆழ்ந்திருந்தார்கள். ஒருவர் பாரத்தோடு பெருமூச்சு விடும் சத்தம் சீராகக் கேட்டது. போதகர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பூனை நடையில் வெளியேறினார்.

அடுத்த நாள் கூட்டம் இரட்டித்தது. அதற்கடுத்த நாள் பெஞ்சில் இடம் இல்லை. தலைமையாசிரியை ஒருநாள் அதிகாலையில் வந்து இடது பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். “அவங்க பக்கம் இவ்வளவு கூட்டமா? நம்ம ஆளுங்க சோர்ந்து போகக்கூடாது!” உடனே வலது பக்கத்துக்கு ஃப்ளாஸ்க் ஃப்ளாஸ்க்காகத் தேநீர் வந்தது. மருந்துக்கடைக்காரர் விடுவாரா? இடது பக்கத்துக்குத் தேநீரோடு ரொட்டியும் வந்தது. இரு தரப்பும் ஊரிலுள்ள மற்ற சபைகளிடமும் ஆள் கேட்டிருந்ததால் புதுமுகங்களைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை.

போதகர் கையைப் பிசைந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சபைக்குத் தேவையான ஆள் சேர்ந்துவிட்டது. இனி பிரிய வேண்டியதுதான் பாக்கி. “தேநீர் வேண்டாம், உபவாசமா ஜெபிக்கலாமே” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவர் எதிர்த்தரப்புக்குச் சாதகமாகச் சதி செய்கிறார் என்று இரு தரப்புமே நினைத்தது. அன்று முதல் சூடான சூப்பும் கம்பளியும் வர ஆரம்பித்தன.

“முன் வரிசையில ஒருத்தர் உக்காந்திருக்காரே, பாத்தீங்களா ஐயா?” என்று தலைமையாசிரியை பெருமையோடு காட்டினார். “எப்ப வந்தாலும் தலையை நிமித்தறதில்லை. இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்தியா? என் சால்வையை எடுத்துப் போத்திட்டேன்.”

“யார் அவர்?”

“நம்ம சபையில இருக்கற வக்கீல் கூட்டிட்டு வந்த ஆளா இருக்கும். நல்ல குடும்பம்னு பாத்தாலே தெரியுதே.”

நரைத்த தலை மட்டும் தெரிந்தது. ஜெபத்தில் இருப்பவரின் முகத்தைக் குனிந்து பார்ப்பது மரியாதையில்லை என்பதால் போதகர் தள்ளி நின்றே வணங்கிவிட்டு வந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போது மனைவி ஜன்னல் வழியே ஆலயத்தைப் பார்த்தாள்.

“ஏங்க, படிக்கட்டு காலியாக் கிடக்குதே. அங்க படுத்திருந்தவங்க எல்லாம் எங்க போனாங்க?”

போதகருக்கும் அப்போதுதான் உறைத்தது. தினமும் காலையில் படிக்கட்டில் மூட்டைகளைத் தாண்டித்தான் அவர் ஆலயத்துக்குப் போவார். அதிலும் சிவப்புக் கம்பளிக் குல்லா போட்ட ஒருவர் சுருண்ட நிலையிலேயே “வணக்கம் ஐயா” என்பார். குல்லா தலையை விட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. அந்தக் குல்லாக்காரரையும் சில நாளாகக் காணோம்.

“எங்கயாவது ஒதுங்கியிருப்பாங்க.”

“எங்கயாவதுன்னா எங்க?”

போதகர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நாம் வாயைத் திறந்திருக்கலாமோ என்று வெட்கமாக இருந்தது. நாளைக்காவது பேசிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, மறுநாளும் அதையே நினைத்தார்.

ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் காலையில் கவுன்சிலர் குடையோடு வந்து இறங்கினார். தேர்தல் நேரத்தில் மட்டும் ஆலயத்தில் முன் வரிசையில் உட்காருகிறவர் அவர். அன்று முன் வரிசையில் இடம் இல்லை. நடுவில் நின்று இடது பக்கம் தலைகளை எண்ணினார், வலது பக்கம் எண்ணினார். இரண்டும் சரிசமம். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“ஐயா, ராத்திரி பூரா இப்படித்தானா?”

“இடைவிடாம.”

“யார் பக்கம் ஓட்டுப் போட்டாலும் இத்தனை பேர் எனக்கு எதிரா ஜெபம் பண்ணுவாங்களே!”

“ரெண்டு பக்கமும் நல்லவங்கதான்...” என்று போதகர் இழுத்தார்.

கவுன்சிலர் வெளியே வந்து படிக்கட்டில் நின்றார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. “இங்கதானே படுத்திருப்பாங்க? ஒருத்தரையும் காணோமே!”

மறுநாள் நகராட்சியில் அவர் எழுந்து, வார்டு முழுக்கத் தேடிவிட்டேன், தெருவில் படுக்கிறவர்கள் ஒருவர் கூட இல்லை, இல்லாதவர்களுக்கு எதற்குத் தங்குமிடம் என்று முழங்கினார். ஓட்டெடுப்புக்கே வேலையில்லாமல் தீர்மானம் கைவிடப்பட்டது.

ஆலயத்தில் இரு தரப்புக்கும் வெற்றி. “கட்டடம் தப்பிச்சுது, ஜெபம் ஜெயிச்சுது!” என்றார் தலைமையாசிரியை. “ஏழைங்களுக்கு எங்கயோ நல்ல இடம் கிடைச்சிருக்கு, ஜெபம் ஜெயிச்சுது!” என்றார் மருந்துக்கடைக்காரர். சம்பந்திகள் ஒரே ஃப்ளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் குடித்ததைப் பார்த்தபோது போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. சபை உடையவில்லை. அதுவும் அவர் ஒரு வார்த்தை பேசாமலே!

அடுத்த நாள் விடியற்காலையில் நன்றி ஆராதனை. சங்கிலி ஜெபத்தில் இருந்தவர்கள் பெஞ்சுகளில் குனிந்திருக்க, சபையார் ஓரமாகவும் பின்னாலும் நின்றார்கள். போதகர் மேடையேறினார்.

“அன்பானவர்களே, கண்களைத் திறக்கலாம். நம்முடைய ஜெபம் கேட்கப்பட்டது. மனஸ்தாபமெல்லாம் தீர்ந்தது. இன்று இரவிலிருந்து ஆலயம் வழக்கம்போலப் பூட்டப்படும்.”

பெஞ்சுகளில் ஒருவரும் அசையவில்லை. போதகர் மறுபடியும், கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். இடது பக்கத்தில் ஒரு போர்வை புரண்டது. வலது பக்கத்தில் யாரோ சோம்பல் முறித்தார்கள். முன் வரிசையில் தலைமையாசிரியையின் சால்வைக்குள்ளிருந்து ஒரு நீண்ட கொட்டாவி வந்தது. சால்வைக்காரர் நிமிர்ந்தார், குனிந்தார், பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தார். ஆலயத்துக்குள் நுழைந்தபோது மரியாதைக்காகக் கழற்றி வைத்திருந்த சிவப்புக் கம்பளிக் குல்லாவை அதிலிருந்து எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

“வணக்கம் ஐயா. சண்டை தீந்து போச்சா? அப்ப இன்னிக்கு ராத்திரி நாங்க எங்க படுக்கறது? உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இதே மாதிரி நல்ல சண்டையாப் பாத்து இன்னொண்ணு மூட்டி விடுங்களேன்!”