ஒரே ஒரு வேகத்தடை

ஊருக்கு வரப்போகும் வேகத்தடை தன் வீட்டு வாசலில்தான் வரவேண்டும் என்று வார்டு மெம்பர் டில்லிபாபு முடிவு கட்டிவிட்டார்.

ஒரகடம் ரோட்டை ஒட்டின ஊர் அது. ஊராட்சியில் இருந்த காசுக்கு ஒரே ஒரு வேகத்தடைதான் கட்டுப்படியாகும். எந்த இடம் என்று மெம்பர் கையெழுத்துப் போட்டுத் தந்தால் போதும். கம்பெனி பஸ்களெல்லாம் தன் வாசலில் பம்மிப் பம்மிப் போவதை நினைத்தாலே அவருக்குப் புல்லரித்தது.

"வளைவுல போடுய்யா" என்றாள் மனைவி கிளியம்மாள். "கம்பெனி ஹாஸ்டல் பொண்ணுங்க ஷிப்ட் பஸ்ஸுக்கு அங்கதான் ரோட்டைத் தாண்டுதுங்க. போன வாரம் பைக்குக்காரன் இடிச்சு அதுல ஒருத்தி, தங்கமாரிக்குக் காலு ஒடைஞ்சிச்சே!"

"மெம்பர் வூடுன்னா ஒரு மரியாதை வேணாவா?"

கிளியம்மாள் சண்டை பிடிக்கவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"அந்த வளைவு ஞாபகம் கீதாய்யா? நான் தையல் கிளாஸ் போவசொல்ல சைக்கிளைச் சாச்சிகினு நிப்பியே!"

டில்லிபாபு உருகிப்போனார். கம்பெனிகள் வராத காலம். ரோட்டில் மணிக்கு ஒரு பஸ் வந்தால் அதிகம். இவருக்குக் கட்டம்போட்ட சட்டை, எண்ணெய் வழியும் கிராப்பு. அவள் தாண்டும்போது மணியை ஒரே ஒரு தரம் அடிப்பார். அவள் திரும்பமாட்டாள். ஆனால் சிரிக்கிறாள் என்பது பின்னலின் ஆட்டத்திலேயே தெரிந்துவிடும்.

"இன்னொரு தபா அங்க நில்லேன். பாலு வாங்கப் போவசொல்ல பாக்கறேன்."

மறுநாள் காலை வெள்ளைச் சட்டையில் போய் நின்றார். கிளியம்மாள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போனாள். பின்னாலேயே ஹாஸ்டல் பெண்கள் முப்பது பேர் ரோட்டில் இறங்கினார்கள். வளைவில் ஒரு பஸ் பாய்ந்து வந்தது. டில்லிபாபு தன்னையறியாமல் நடுரோட்டில் குதித்து இரண்டு கையையும் விரித்தார். அவர் தொப்பைக்கு ஒரு முழம் முன்னால் பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"அண்ணாச்சி, நீங்க மட்டும் இல்லன்னா இன்னிக்கு எங்க சோலி முடிஞ்சிருக்கும்" என்றாள் கோவில்பட்டிப் பெண் மாரிசெல்வி.

அதன்பிறகு அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மேலும் மூன்று நாள் போய் நின்றார். நான்காம் நாள் வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"கிளி, வளைவுலயே போட்டுடலாம். பேப்பரைக் கொண்டா, கையெழுத்து போடறேன்."

"மரியாதை கேட்ட அன்னிக்கே போட்டுட்டியே! ரேஷன் கார்டு பேப்பர்னு நீட்டினேன். படிச்சா பாத்த?"

"அப்போ என்னை எதுக்குடி நாலு நாளா வெயில்ல நிக்க வெச்ச?"

"கான்ட்ராக்டர் திங்கக்கெழமைதான் வராராம். அதுவரைக்கும் ரோட்டுக்குக் குறுக்க எதனா கெடக்கணுமில்ல?"