மான் சுமந்துபோன என் முகம்

கடற்கரை ஒழுங்கை,
திருகோணமலை.
சுற்றாடல் தினம் கழிந்த அடுத்த வாரம்.

பேரன்புக்குரிய மக்டலின் அக்காவுக்கு,

தம்பி ஹெக்டர் பணிவுடன் எழுதிக்கொள்வது. தேவமாதாவின் தயவால் நான் சுகம். நிலுஷாவும் சுகமாகத்தான் இருக்கவேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இப்படி எழுதுவது வெட்கக்கேடுதான். ஆனால் சுற்றாடல் தினத்திலிருந்து என் மகள் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஆகையால் அவளுடைய சுகத்தை முகத்தைப் பார்த்துத்தான் நான் ஊகித்துக்கொள்கிறேன். மட்டக்களப்பில் உங்களுடைய முழங்கால் வலியும் அத்தானுடைய சீனி வருத்தமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அந்த வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். வராதவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. கனடாவில் இருந்துகூட ஒருவர் என்னை அழைத்துச் சுகம் விசாரித்துவிட்டுச் சிரித்தார். ஓம் அக்கா, மானின் முதுகில் தெரிவது என் முகம்தான். பின்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவதும் நான்தான். நடந்ததைப் போனில் சொன்னால் நிலுஷாவின் காதில் விழும், வீடு அவ்வளவு சின்னது. அதனால்தான் இந்தக் கடிதம்.

துறைமுகத்தில் இழுவைப் படகு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நான் வீட்டில் சும்மா இருப்பதைப் பொறுக்கமாட்டாமல் எங்கள் ஒழுங்கைக்காரர் என்னைச் சுற்றாடல் கழகத்தின் தலைவர் கதிரையில் இருத்தியது உங்களுக்குத் தெரியும். இந்த முறை தினத்தைப் பெரிதாகக் கொண்டாடத் தீர்மானித்தோம். இயற்கையைக் காப்பதென்றால் முதலில் ஒரு பதாகை வேண்டும். பதாகை இல்லாமல் யாரும் எதையும் காத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நிலுஷாவோ, "அப்பா, பழைய கட்டில் விரிப்பொண்டு கிடக்கு, நான் அதில எழுதித் தாறன்" என்றாள். அவள் மிருக வைத்தியர் கந்தோரில் வேலை செய்கிறவள். போன மாரியில் செத்துப்போன மானொன்றின் வயிற்றிலிருந்து பிளாத்திக் சொப்பின் பைகளை அள்ளி அள்ளி எடுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு அன்றைக்குச் சோறு தின்னாமல் படுத்தவள். அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் கட்டில் விரிப்பில் தலைவருடைய படம் எப்படி வரும், நீங்களே சொல்லுங்கள். நான் அச்சுக்கடை றிகாஸிடம் போனேன். "அங்கிள், துணியெண்டா ஒரு மழைக்குப் போயிரும். டிஜிட்டல் பனர் அடிங்க. அஞ்சு வருஷத்துக்கு மங்காது, யார் பிடிச்சு இழுத்தாலும் கிழிக்க ஏலாது" என்றான். அவன் சொன்னது ஒவ்வொன்றும் சத்தியம் என்பதை நான் பின்னால் அறிந்துகொண்டேன்.

பதாகையில் நான் ஒரு மாமரக் கன்றை அணைத்தபடி நிற்கிறேன். தலைக்கு மேலே "இயற்கையைக் காப்போம்" என்று எழுதியிருக்கிறது. ஒழுங்கை முகப்பில் இரண்டு கம்பம் நட்டு நைலோன் கயிற்றால் கட்டினோம். நிலுஷா என்னோடு முறுகிக்கொண்டாலும், காகிதத் தோரணம் கட்டவிடாமல் பச்சை மாவிலையாகப் பறித்து வந்து அந்தக் கயிறு நெடுகக் கோத்துவிட்டாள். இரண்டும் சேர்ந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கள் ஒழுங்கையிலிருக்கும் கமலேஸ்வரி ரீச்சர் பிளாத்திக்கின் தீமைகளைப் பற்றி உருக்கமாகப் பேசினார். கேட்டவர்களுக்குத் தாகமெடுக்க, எல்லோருக்கும் ஆளுக்கொரு பிளாத்திக் போத்தலில் தண்ணீர் கொடுத்தோம். பிறகு நான் எழும்பி, "மரமும் மானும் நம் உறவுகள்" என்று தொடங்கினேன்.

நம் நகரத்து மான்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பஸ் நிலையத்தில் ஆட்களோடு ஆட்களாக நிற்பவை. கொம்புள்ள கிடாய் ஒன்று என் உறவு என்ற சொல்லைக் கேட்டதுபோல நேரே வந்து மாவிலைத் தோரணத்தில் வாயை வைத்தது. சபையில் சிரிப்பு. நான் பேச்சை நிறுத்தவில்லை. அது எட்டாத இலைக்குத் தலையை நீட்டியதில் கயிறு கொம்பில் சிக்கிவிட்டது. ரீச்சர் கத்தினார், மான் வெருண்டது, இரண்டு கம்பமும் சாய்ந்தன, பதாகை அதன் முதுகில் விழுந்தது. பிறகு அது நின்றால்தானே! என் முகத்தைப் போர்த்திக்கொண்டு மீன் சந்தைக்குள் புகுந்து, பஸ் நிலையத்தைச் சுற்றி, கடற்கரைப் பக்கம் திரும்பியது. நான் பின்னால். பஸ் நிலையத்தில் ஒருவர், "ஹெக்டரண்ணை எலெக்சன் கேக்கிறாரோ? சின்னம் மானாக்கும்" என்று மற்றவரைக் கேட்டார். நின்று பதில் சொல்ல நேரமில்லை.

கடற்கரை மணலில் அது விழுந்துவிட்டது அக்கா. கயிறு கழுத்தில் இறுகியிருந்தது. நான் பதாகையைப் பிடித்து இழுத்தேன், கிழியவில்லை. பல்லால் கடித்தேன், கிழியவில்லை. அதன் மூச்சு விட்டுவிட்டு வந்தது. என்னுடைய படத்துக்காக ஒரு உயிர் போகப்போகிறதென்று நான் உண்மையாகவே பயந்தேன். நிலுஷா மீன்காரரிடம் கத்தி வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அப்பா, சேர்ட்டைக் கழட்டி அதின்ர கண்ணை மூடுங்கோ" என்றாள். மூடினேன். அவள் அதன் தலையை மடியில் வைத்துக் கயிற்றை அறுத்தாள். மான் கொஞ்சநேரம் கிடந்தது, பிறகு எழும்பியது, மணலில் விரிந்து கிடந்த என் முகத்தின் மேல் காலை வைத்து நடந்து போய்விட்டது. எனக்குக் கண்ணீர் வந்தது. அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. நான், "உன்ர மாவிலை இல்லாட்டி இது நடந்திருக்காது பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். அதுதான் அவள் கேட்ட என் கடைசி வசனம்.

இப்போது தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். எனக்குச் சொல்லவேண்டியதை மாதாவிடம் சொல்கிறாள். பின்னேரச் செபத்தில் சத்தமாக, "மாதாவே, இந்த வீட்டில இருக்கிற சிலபேருக்கு நல்ல புத்தி குடும்" என்று மன்றாடுகிறாள். வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். நானும் புத்தியுள்ளவனாக நடக்கிறேன். சொப்பின் பை ஒன்றும் வாசலைத் தாண்டக்கூடாதென்று எனக்கு நானே சட்டம் போட்டுவிட்டேன். சந்தைக்குக் குசினிச் சட்டியைக் கொண்டுபோய் மீன் வாங்குகிறேன், ஒழுங்கைப் பூனைகள் எல்லாம் பின்னால் ஊர்வலமாக வருகின்றன. பதாகைதான் பெரிய பிரச்சினை. எறிந்தால் மான் தின்னும், எரித்தால் புகை நாறும், றிகாஸ் திருப்பி எடுக்கமாட்டான். கடைசியில் குசினிக் கூரை ஒழுகும் இடத்தில் உட்பக்கமாகக் கட்டிவிட்டேன். மகள் சமைக்கும்போது நான் மாங்கன்றோடு மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஐந்து வருஷத்துக்கு மங்கமாட்டேன்.

அவளுடைய தாய் போனபிறகு இந்த வீட்டில் சத்தமென்று இருந்தது அவளுடைய கதைதான். அதுவும் இல்லாமல் எனக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. உங்களுடைய சொல்லைத்தான் அவள் கேட்பாள். ஒருமுறை அழைத்து, அப்பாவோடு கதை என்று சொல்லுங்கள். பிழை என்னுடையதென்று நான் ஒப்புக்கொண்டதாகச் சொல்லவேண்டாம். ஒப்புக்கொள்ளக்கூடிய நிலையில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லி, உங்கள் செபங்களில் என்னையும் அந்தக் கிடாயையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாசமுள்ள தம்பி,
ஹெக்டர்

பி.கு.: ஒட்டிய கடிதத்தைத் திரும்பவும் பிரித்து எழுதுகிறேன். நீங்கள் கேட்ட பாரைக் கருவாட்டை என் சட்டப்படி பன்புல்லால் இழைத்த ஒரு பையில் கட்டி, இந்தக் கடிதத்தோடு மட்டக்களப்பு பஸ் கொண்டக்டர் தவராசாவிடம் கொண்டுபோனேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணை, கிளிவெட்டி தாண்டமுன்னம் சனம் என்னை இறக்கி விட்டிரும்" என்று திருப்பித் தந்துவிட்டார். கருவாட்டோடு வீட்டுக்கு வந்து செய்வதறியாது நின்றேன். நிலுஷா என்னைப் பார்த்தாள். அறைக்குள் போய்த் தன் மெத்தையைத் தூக்கினாள். அக்கா, மெத்தைக்குக் கீழே முழுக்கச் சொப்பின் பைகள்! கழுவி, காயவைத்து, மடித்து வைத்திருக்கிறாள். "ரோட்டுக்குப் போனா மான் தின்னுமெண்டு சேர்த்து வைச்சிருக்கிறன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் ஒன்றை எடுத்தேன். "ஒண்டு காணாது அப்பா, மணக்கும். இன்னும் நாலு போடுங்கோ" என்றாள். கருவாடு அப்படியே ஐந்து பைகளுக்குள் வருகிறது. பைகளை எறியாமல் கழுவித் தவராசாவிடமே திருப்பி அனுப்பவேண்டுமாம். இனி நீங்கள் அவளை அழைத்துக் கதைக்கச் சொல்லத் தேவையில்லை. கருவாட்டைக் கட்டத் தொடங்கியதிலிருந்து பதாகை, மாவிலை, போத்தல் தண்ணீர், குசினியில் என் முகம் என்று வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டேயிருக்கிறாள். முடியுமென்றால் அழைத்து, கொஞ்சநேரம் நிறுத்தச் சொல்லுங்கள்.