ஏழாம் நம்பருக்கு இங்கிலீஷ் வராது

"பத்துப் பேர்ல ஒன்பது பேர் ஃபெயில் சார்," என்றான் மேனேஜர் ஜெயகிருஷ்ணன், கையிலிருந்த தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

சாரங்கபாணிக்குச் சட்டென்று விளங்கவில்லை. அந்தச் சொல்லை அவர் பக்கத்தில் நின்று யாரும் சொன்னதே கிடையாது. செங்கல்பட்டில் அவர் முப்பது வருஷம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் கணக்கில் ஃபெயில் உண்டு, சயின்ஸில் உண்டு, இங்கிலீஷில் மட்டும் கிடையாது. 'செண்டம் சாரங்கபாணி வீடு' என்றால் ஜங்ஷன் வாசலில் எந்த ஆட்டோக்காரரும் வழி கேட்காமல் கொண்டுபோய் விடுவார். ரிடையர் ஆன மனுஷரைச் சிறுசேரிக் கம்பெனி தேடிவந்து கூப்பிட்டதே அந்தப் பேருக்காகத்தான்.

கம்பெனிக்கு வேலை, வெளிநாட்டு யுனிவர்சிட்டி ஒன்றுக்கு இன்டர்நெட்டில் நடத்துகிற இங்கிலீஷ் பாடம் தயாரித்துக் கொடுப்பது. கொரியா, துருக்கி, பிரேசில் என்று எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படிப்பார்கள். பாடம் எழுதுவது சாரங்கபாணி. எல்லாம் முடிந்ததும் முதல் பக்கத்தில் 'ஆசிரியர்: கே. சாரங்கபாணி, செங்கல்பட்டு, இந்தியா' என்று போடுவார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் மனுஷர் ஐம்பத்தொன்பது வயதில் தினமும் கம்பெனி வேனில் ஏறி, திருப்போரூர் வழியாக இடுப்பு கழலக் குலுங்கிக்கொண்டு வந்துபோனார்.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. சோதனைக்கு எடுத்துக்கொண்ட பத்து மாணவர்களும் பாடத்தில் அறுபது மார்க் வாங்கவேண்டும். ஒருத்தர் வழுக்கினாலும் பாடம் தள்ளுபடி. பேரும் தள்ளுபடி.

"எந்தப் பாடத்துல?" என்றார்.

"நாலாவது பாடம். விருந்தாளி வீட்டுக்கு வர்ற பாடம்."

சாரங்கபாணி பெருமைப்பட்டு எழுதிய பாடம் அதுதான். பீட்டர் மேரி வீட்டுக்குப் போகிறான். காப்பி சாப்பிடுகிறாயா என்று மேரி கேட்கிறாள். வேண்டாம், நன்றி என்கிறான் பீட்டர். கேள்வி: பீட்டருக்குக் காப்பி வேண்டுமா, வேண்டாமா? சரியான விடை: வேண்டும்.

"ஒன்பது பேரும் 'வேண்டாம்'னு போட்டிருக்காங்க சார். பத்துக் கேள்வியும் இதே கதைதான். 'சாப்பாடு போதும்னு சொன்னா என்ன செய்யணும்'னு கேட்டிருக்கீங்க. 'இன்னொரு கரண்டி போடணும்'னு விடை வச்சிருக்கீங்க."

"பின்னே? போதும்னதும் பாத்திரத்தை எடுத்துண்டு உள்ளே போயிடுவாளா? அப்புறம் அவன் அந்தாத்து வாசப்படி மிதிப்பானா?"

"சார், இது இங்கிலீஷ் பாடம்."

"இங்கிலீஷ் பேசறவனுக்கு நாகரிகம் வேண்டாமா? கேட்ட உடனே கொண்டான்னு சொல்றவனுக்குப் பேரு விருந்தாளி இல்லப்பா, ஜப்தி பண்ண வந்தவன்."

ஜெயகிருஷ்ணன் தாளை நீட்டினான். யாருக்கும் பேர் இல்லை. மாணவர்களின் பேரை வெளியே சொல்லக்கூடாது என்று யுனிவர்சிட்டி சட்டம். ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் நம்பர்தான். எல்லா நம்பருக்கு நேரேயும் பத்து, இருபது என்று கிடந்தது. ஏழாம் நம்பருக்கு நேரே மட்டும் நூறு.

சாரங்கபாணியின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? ஒருத்தன் இருக்கான். நல்ல குடும்பத்துப் பிள்ளை. ஜப்பான்காரனாத்தான் இருக்கணும், அவாதான் குனிஞ்சு குனிஞ்சு பேசுவா."

"ஒருத்தன் போதாது சார். பத்துப் பேரும் பாஸாகணும்."

அவர் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது ரஞ்சிதா இரண்டு கப் காப்பியோடு அந்தப் பக்கம் வந்தாள். தேவனேரிக் குப்பத்துப் பெண். அந்த மாடியில் இருந்த கம்ப்யூட்டர் அத்தனையும் அவள் பொறுப்பு.

"இன்னா சார், மூஞ்சி வாடிக்கீது. காப்பி எட்த்துக்கிறீங்களா?"

"வேண்டாம்மா."

"சரி சார்." இரண்டு கப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒன்றைத் தானே குடித்து, இன்னொன்றை செக்யூரிட்டிக்குக் கொடுத்துவிட்டாள்.

சாரங்கபாணிக்குப் பொறுக்கவில்லை. வேண்டாம் என்று ஒரு மரியாதைக்குச் சொன்னால், பரவாயில்லை குடியுங்கள் என்று மேஜைமேல் வைக்கத் தெரியாதா? இவளுக்கே தெரியவில்லை என்றால் துருக்கிக்காரனை என்ன சொல்வது? ஆனால் நல்ல பெண். அவர் சேர்ந்த அன்றைக்கே, இன்டர்நெட்டில் ஏறின பாடம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவர் கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் படத்தை வைத்துக் கொடுத்திருந்தாள். பாஸ்வேர்டு கீஸ்வேர்டு ஒன்றும் வேண்டாம், அமுக்கினால் திறக்கும். காலையில் வந்ததும் அவர் அதை அமுக்குவார். எழுதின கைக்குப் பத்துக் கேள்விக்கும் விடை மனப்பாடம்; கண்ணாடியைத் துடைப்பதற்குள் பத்தையும் தட்டி முடித்து, எல்லாம் ஓடுகிறது என்று மூடிவிடுவார். அதற்கப்புறம்தான் அவருக்கு வேலையே ஓடும்.

யுனிவர்சிட்டியிலிருந்து ஓர் அம்மாள் கடிதம் எழுதினாள். அன்புள்ள பேராசிரியரே என்று ஆரம்பித்து, வேண்டாம் என்று சொன்ன மனிதனுக்குக் காப்பி கொடுப்பது எங்கள் நாட்டில் தொந்தரவு எனக் கருதப்படும் என்று முடித்திருந்தாள்.

"தொந்தரவாம். காப்பி குடுக்கறது தொந்தரவாம். இந்த அம்மாவுக்கு யாராவது ஒரு வாய் காப்பி குடுத்திருந்தா இப்படி எழுதுவாளா?"

"பாதிக்குப் பாதி விட்டுக்குடுங்க சார்," என்று கெஞ்சினான் ஜெயகிருஷ்ணன். "அஞ்சு விடையை அவங்க சொல்றபடி மாத்துவோம், அஞ்சு உங்க இஷ்டம்."

பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தை மாற்றினார். அடுத்த வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வந்தது. மற்ற ஒன்பது பேரும் ஐம்பதைத் தொட்டிருந்தார்கள். ஏழாம் நம்பர் நூறிலிருந்து ஐம்பதுக்கு இறங்கியிருந்தான்.

சாரங்கபாணி அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. "நல்ல பையனைக் கெடுத்துட்டாளே. அந்த ஒன்பதும் சேர்ந்து என்னமோ சொல்லிக் குடுத்திருக்கு."

"ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே கிடையாது சார். வேற வேற தேசம்."

"தேசம் என்ன தேசம், சகவாச தோஷத்துக்கு பாஸ்போர்ட்டா வேணும்?"

இன்னும் நான்கு விடையை மாற்றினார். பேசுகிறவர் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கட்டும் என்று படம் போடச் சொன்னார். பீட்டர் காப்பியைப் பார்த்துக் கையை ஆட்டி மறுக்கிற படம். அதை வரைய வைத்து வாங்கும்போது அவருக்கே பாவமாக இருந்தது. ஒரே ஒரு கேள்வியை மட்டும் மானம் காக்க விட்டுவைத்தார்.

அடுத்த ரிப்போர்ட்டில் ஒன்பது பேருக்குத் தொண்ணூறு. ஏழாம் நம்பருக்குப் பத்து.

"எனக்கா? என் பாடத்துல பத்தா?" அவர் குரல் அந்த மாடி முழுக்கக் கேட்டது. "கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துல நாலு தரம் கோட்டை விட்டவனையெல்லாம் கொண்டுவந்து என்கிட்ட விட்டிருக்கா. அவனே அறுபத்தெட்டு வாங்கிண்டு போனான். இவன் கம்ப்யூட்டர் வச்சிண்டு பத்து வாங்கறான்."

"இன்னும் ஒரே ஒரு ரவுண்டுதான் சார். இதுல ஏழாம் நம்பர் தேறலன்னா பாடம் வேற யாருக்காவது போயிடும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கோமளத்திடம் கொட்டினார்.

"யார் பெத்த பிள்ளையோ, பாவம்," என்றாள் கோமளம். "உங்களை மாதிரி பிடிவாதமோ என்னமோ. காப்பி கலக்கட்டுமா?"

"வேண்டாம்."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். "ஒரு நாளாவது வேணும்னு சொல்லிக் குடிச்சிருக்கேளா?"

"என்னை மாதிரி இருந்தா அவன் ஏன் ஃபெயிலாறான்?" என்று கப்பை வாங்கிக்கொண்டார்.

கடைசி ரவுண்டுக்கு அவர் மானத்தையும் விட்டார். பாடத்தின் தலையிலேயே, சிவப்பு எழுத்தில், கட்டம் கட்டி எழுதினார்: 'ஒருவர் வேண்டாம் என்றால் அவருக்கு வேண்டாம் என்றே பொருள்.' எழுதி முடித்ததும் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். துருக்கிக்காரன் பாட்டன் படித்தாலும் தவறாது. ஒரு வாரம் வேனில் வரும்போதும் போகும்போதும் ஏழாம் நம்பருக்காக வேண்டிக்கொண்டார். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் திருவிடந்தைக்குப் போய்ப் பெருமாளுக்கு அர்ச்சனைகூடப் பண்ணினார். என்ன நட்சத்திரம் என்று பட்டர் கேட்டபோது, "தெரியாது சுவாமி, நம்பர் ஏழு" என்றார்.

வெள்ளிக்கிழமை. ஒன்பது பேருக்கு நூறு. ஏழாம் நம்பருக்குப் பூஜ்யம். மானம் காத்த அந்த ஒரு கேள்வியையும் இந்த ரவுண்டில் மாற்றியிருந்தாரே, அதுவும் போச்சு.

இதற்குமேல் பொறுப்பது மனுஷத்தனம் இல்லை. சாரங்கபாணி கதவைச் சாத்திக்கொண்டு யுனிவர்சிட்டிக்கு நேராகக் கடிதம் எழுதினார். ஜெயகிருஷ்ணனுக்குக் காட்டவில்லை, காட்டினால் அதிலும் பாதிக்குப் பாதி என்பான்.

'மதிப்பிற்குரிய அம்மையீர், முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். குறை பாடத்தில் இல்லை. ஏழாம் நம்பர் மாணவருக்கு இந்த ஜென்மத்தில் ஆங்கிலம் வராது. சிவப்பு எழுத்தில் எழுதியதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அதற்கு நேர் எதிராக விடையளிப்பது அறியாமை அல்ல, திமிர். இவருக்கு அஸ்திவாரம் போட்ட ஆசிரியர் யாராக இருந்தாலும் அவர் வெட்கப்படவேண்டும். இவரைச் சோதனையிலிருந்து நீக்குவதோடு, ஆயுளுக்கும் உள்ளே விடாதிருக்கும்படியும், முக்கியமாக, இவர் பிற்காலத்தில் பிறருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நிலைக்கு வராமல் பார்த்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.'

அனுப்பியபிறகு கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் காப்பியைக் கோமளம் கேட்காமலே வாங்கிக் குடித்தார்.

திங்கட்கிழமை ஜெயகிருஷ்ணன் வேன் நிற்கிற இடத்துக்கே ஓடிவந்தான். "சார், என்ன சார் எழுதினீங்க? அந்த அம்மா அப்படியே ஒத்துக்கிட்டாங்க. உங்களை மாதிரி அனுபவசாலியோட தீர்ப்பை மறுக்கமுடியாதாம். ஏழாம் நம்பரை எடுத்துட்டாங்க. மிச்ச ஒன்பதும் நூறு. பாடம் பாஸ் சார். நேத்தே உங்க பேரைப் போட்டு ஏத்திட்டாங்களாம்."

சாரங்கபாணி தலையை நிமிர்த்திக்கொண்டு வேனைவிட்டு இறங்கினார். செண்டம். கடல் தாண்டியும் செண்டம். அந்தப் பயலை நினைத்து ஒரு நிமிஷம் இரக்கம்கூட வந்தது. எந்த ஊரில் என்ன கனவோடு இருந்தானோ. ஆனாலும் தகுதி என்று ஒன்று இருக்கிறதல்லவா.

இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் பேரைப் பார்ப்பதற்காக அந்தச் சின்னப் படத்தை அமுக்கினார். திறக்கவில்லை. இன்னொரு தரம் அமுக்கினார். சிவப்பாக ஏதோ ஒரு கட்டம் வந்து நின்றது.

"ரஞ்சிதா, இங்க கொஞ்சம் வாம்மா. நம்ம பாடம் திறக்க மாட்டேங்கறது. என் பேரு வந்திருக்காம்."

ரஞ்சிதா காப்பிக் கப்பை அவர் மேஜைமேலேயே வைத்துவிட்டுக் குனிந்து இரண்டு தட்டுத் தட்டினாள். கட்டத்தில் இருந்ததைப் படித்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"தொறக்காது சார். பத்துல ஒரு ஆளு சேராம ஏழாம் நம்பரு காலியா கெடந்துச்சு, அதத்தான் ஒங்களுக்குப் போட்டுக் குட்த்திருந்தேன். எவனோ ஒரு பெரிய வாத்தியாரு, ஏழாம் நம்பருக்கு இங்கிலீஷே வராது, ஆயுசுக்கும் உள்ள வுடாதீங்கன்னு எய்திக் குட்த்துட்டானாம்."