கட்டாத வீட்டை இடிக்க வந்தார்கள்

ஒரு பாஷை சுத்தமாகத் தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. அரைகுறையாகத் தெரிந்தவனைத்தான் வீட்டில் பூட்டி வைக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் அப்படிப் பூட்டாமல் திரிந்தவன் அடியேன்.

வந்தவாசியிலிருந்து வேலைக்கு வந்து, அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த சாந்தியைக் கட்டிக்கொண்டு, அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் குடியிருந்தேன். சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. தாளிக்கும்போதெல்லாம் சாந்தி இருமிக்கொண்டே, "நம்ம சைட்டுல வீடு கட்டும்போது கிச்சனுக்குப் பெருசா ஒரு ஜன்னல் வைக்கணுங்க" என்பாள். ஓசூர் ரோடு பக்கம் வாங்கிப்போட்ட அந்தக் காலி சைட்தான் எங்கள் மொத்தச் சொத்து.

அந்த நேரம் பார்த்து நகர வளர்ச்சித் திட்டத்தின் வரைவு வந்தது. அக்கம்பக்கமெல்லாம் குடியிருப்பு என்று மஞ்சள் நிறம்; எங்கள் சைட் மட்டும் பூங்கா என்று பச்சை. இனி அதில் வீடு கட்ட முடியாது. சாந்தி அன்று சாப்பிடவே இல்லை. ஆட்சேபணை இருந்தால் நேரில் வந்து சொல்லலாம் என்றார்கள்.

"நானும் வரேங்க. நான் பேசறேன்."

"ஏன், எனக்குக் கன்னடம் தெரியாதா? நீ கம்முனு இரு" என்றேன். (தெரிந்ததெல்லாம் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கும் அளவுக்குத்தான்.)

திட்ட அலுவலகத்தில், "சார், நம்ம மனெ..." என்று ஆரம்பித்தேன். அதிகாரி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"அல்லி மனெ இதெயா?"

அங்கே மனை இருக்கிறதா என்று கேட்கிறார்! இல்லாமலா வந்திருக்கிறேன்? "இதெ சார்! ஈஸ்ட் ஃபேஸிங்!"

"லைசென்ஸ் இதெயா?"

"மனெகெ லைசென்ஸ் யாக்கெ சார்?" மனைக்கு எதற்கு லைசென்ஸ் என்று வக்கீல் மாதிரி கையை விரித்தேன். அவர் மளமளவென்று ஏதோ எழுதிக்கொண்டார். ஜெயித்துவிட்ட மிதப்பில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வாரத்தில் நோட்டீஸ் வந்தது. சாந்தி படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"லைசென்ஸ் இல்லாம கட்டின வீட்டை இடிக்க வராங்களாம். எந்த வீட்டைங்க? அங்க போய் என்னத்தைச் சொல்லித் தொலைச்சீங்க?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ கடவுளே! நமக்குத்தான் மனைன்னா காலி இடம். கன்னடத்துல மனென்னா கட்டின வீடுங்க!"

சொன்ன நாளில் இன்ஸ்பெக்டர் ஒருவர் கடப்பாரையோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். சைட்டில் இருந்ததோ ஒரு பூசணிக்கொடி. "மனெ எல்லி?" என்று வீட்டைத் தேடினார். நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். பிறகு நடந்ததைக் கன்னடத்தில் விளக்கினாள். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லைக்கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு மானமே போயிற்று.

சாந்தி மட்டும் சிரிக்கவில்லை. "நாலு பக்கமும் வீடு. நடுவுல இந்தத் துண்டு இடத்துல யாருக்கு சார் பார்க்?" என்று கன்னடத்தில் கேட்டாள். இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். அவள் சொன்னதையே அறிக்கையாக எழுதிக்கொண்டு போனார். இறுதித் திட்டம் வந்தபோது எங்கள் சைட்டும் மஞ்சளாகியிருந்தது.

வீடு கட்டினோம். சமையலறைக்கு இரட்டைக் கதவு ஜன்னல். கூடத்தில் அந்த நோட்டீஸ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. "கட்டறதுக்கு முன்னாடியே இடிக்க வந்த வீடு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சாந்தி காட்டுவாள். இன்றும் வாசலில் காய்கறி வண்டிக்காரரிடம் நான் கன்னடத்தில் பேச வாயெடுத்தால் போதும், அந்த ஜன்னலிலிருந்து குரல் வரும்:

"என்னங்க, லைசென்ஸ் இதெயா?"